முன்பக்கம் தாழும் கோட்டு

பள்ளி வேன் ஓட்டுபவர்கள் எல்லோரும் இனிமேல் ஒரே மாதிரி கோட்டு போட வேண்டும் என்று நிர்வாகம் முடிவு செய்து, பிளாஸ்டிக் உறையில் ஆளுக்கொன்று கொடுத்திருந்தது. சாம்பல் நிறம். நெஞ்சில் பள்ளியின் முத்திரை. அவள் அதை வாங்கிக்கொண்டு நேராகக் கணவரின் தையல் கடைக்கு வந்தாள். வேனை எதிர்ச்சாரியில் நிறுத்தி, கதவைப் பிடித்தபடி ஒரு கணம் நின்று, பிறகுதான் காலைத் தரையில் ஊன்றினாள். பல வருட மூட்டு முடக்குவாதம் அவளுக்குக் கற்றுக்கொடுத்த இறங்கும் முறை அது. உடம்பு முழுவதையும் ஒரே தடவையில் தரையிடம் ஒப்படைத்துவிடக் கூடாது.

"மாஸ்டர், கடை திறந்திருக்கா? இல்ல கதவு மட்டும்தான் திறந்திருக்கா?"

"டிரைவரம்மாவுக்கு எப்பவும் திறந்திருக்கும்."

தெருவில் எல்லோருக்கும் அவர் மாஸ்டர். வேனில் வரும் பிள்ளைகளின் பெற்றோருக்கு அவள் டிரைவரம்மா. வீட்டில் இருவரும் கேலிக்காக அதையே எடுத்துக்கொண்டார்கள். காலப்போக்கில் கேலி தேய்ந்து பெயர் மட்டும் தங்கிவிட்டது.

அவள் கோட்டைப் போட்டுக்கொண்டு ஆளுயரக் கண்ணாடியின் முன்னால் நின்றாள். வீங்கிய விரல்களுக்குப் பொத்தான்கள் சட்டென்று அகப்படவில்லை. அவர் உதவிக்குப் போகவில்லை. போனால் கடிப்பாள் என்று தெரியும். கடைசிப் பொத்தானும் ஏறிய பிறகு அவள் தன்னைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"என்ன தையல் இது? முன்னாடி அழுதுட்டு நிக்குது, பின்னாடி எட்டிப் பாக்குது. உங்க ஆளுங்க யாராவது தச்சதா?"

"மெஷின் தச்சது."

"மெஷினுக்குக் கண்ணு இல்லையா? திங்கட்கிழமையிலேர்ந்து போட்டாகணும். முன்பக்கம் குறைச்சு, பின்பக்கம் எறக்கிக் குடுங்க."

மாஸ்டர் கையில் கத்தரிக்கோலோடு அப்படியே நின்றார். கோட்டின் முன்விளிம்பு தொடையை நோக்கித் தாழ்ந்திருந்தது. பின்விளிம்பு இடுப்புக்கு மேல் ஏறிக்கொண்டிருந்தது. கழுத்துப்பட்டை பின்கழுத்தை விட்டு விலகி, நடுவில் ஒரு குழந்தையின் கை நுழையும் அளவுக்கு இடைவெளி. துணியின் மேல் தப்பே இல்லை. நிமிர்ந்த முதுகுக்கு என்று வெட்டிய கோட்டு அது. வயதான வாடிக்கையாளர்களிடம் இதை அவர் எத்தனையோ முறை பார்த்திருக்கிறார். முதுகு வளைந்தால் பின்பக்கத்துக்குத் துணி போதாது. முன்பக்கத்தில் மிஞ்சும். அவர்களிடம் அதை வாய்விட்டுச் சொல்லி, கேட்டுக்கொண்டுதான் வெட்டுவார்.

இவளிடம் சொன்னதில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றியதுகூட இல்லை. அவள் போடும் சட்டை எல்லாம் அவர் கையால் தைத்ததுதான். ஒவ்வொரு முறையும் முன்பக்கத்தில் கொஞ்சம் குறைத்திருக்கிறார். பின்பக்கத்தில் கொஞ்சம் கூட்டியிருக்கிறார். கழுத்தருகே சின்னதாக ஒரு மடிப்பு கொடுத்திருக்கிறார். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவருக்குத் தண்ணீரை நகர்த்தி வைப்பதுபோல, யோசிக்காமலே கை செய்த வேலை. ஊரார் அளவையெல்லாம் எழுதி வைக்கிறவர், மனைவியின் அளவை மட்டும் எழுதியதில்லை. அதில் அவருக்கு ஒரு பெருமை. என் கண்ணுக்குத் தெரியாத உடம்பா என்ற பெருமை. ஆனால் கண் இன்றைய அளவைத்தான் பார்க்கும். நேற்றைய அளவு எங்கே போயிற்று என்று அது கேட்பதில்லை.

அவர் தைத்த சட்டையில் அவள் எப்போதும் நேராகத்தான் இருந்தாள். யாரோ தைத்த இந்தக் கோட்டில்தான் அவளுடைய முதுகு முதன்முதலாக வெளியே வந்திருந்தது.

"என்ன மாஸ்டர், கோட்டு ரொம்ப அழகா இருக்கா? பேச்சையே காணோம்?"

"முதுகு வலி இப்ப எப்படி இருக்கு?"

"எந்த முதுகு வலி?"

"மழை தொடங்கினப்ப வந்ததே."

"அது அதோட கூட்டத்தோட சேர்ந்துடுச்சு."

அந்த வீட்டில் வலி என்பது கேட்காமலே வந்து நிரந்தரமாகத் தங்கிவிட்ட சொந்தக்காரர் மாதிரி. மணிக்கட்டு, முழங்கால், கால்விரல் என்று ஒவ்வொரு அறையாக மாறி மாறிப் படுத்துக்கொள்ளும். மழைக்காலத் தொடக்கத்தில், புதிதாகப் போட்ட வேகத்தடை ஒன்றில் வேன் தூக்கிப் போட்டபோது நடுமுதுகில் சுரீரென்று ஒன்று பாய்ந்ததாக அவள் சொன்னாள். வெந்நீர்ப் பையும் தைலமும் எடுத்துக் கொடுத்தார். இதுவும் அந்த நோயின் வேலைதான் என்று இருவரும் நினைத்தார்கள். புதிய வலி பழைய வலியின் செருப்பைப் போட்டுக்கொண்டு உள்ளே வந்துவிட்டது. யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

"டாக்டர்கிட்ட சொல்லலாமே" என்று அப்போதே அவர் ஒரு முறை சொல்லிப் பார்த்தார்.

"முதுகுன்னு வாயைத் திறந்தா அடுத்த வார்த்தை என்ன வரும் தெரியுமா? ஸ்டியரிங்கைத் தொடாதேன்னு வரும். கையில காபி டம்ளர் நிக்காது, மாடிப்படி ஏறினா முட்டி கத்தும். ஸ்டியரிங் பின்னாடி உக்காந்தா மட்டும்தான் நான் முழு ஆளு. அதையும் புடுங்கிக் குடுத்துடாதீங்க."

அவர் அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை. அவள் கேட்டுக்கொண்டால் அவரால் எதையும் தனக்குள் வைத்துக்கொள்ள முடியும். மௌனத்தை இன்னும் சுலபமாக.

இப்போது அவர் கத்தரிக்கோலை மேசையில் வைத்தார்.

"இதை நான் தைக்க மாட்டேன்."

"என்னது?"

"வியாழக்கிழமை டாக்டர்கிட்ட போகணும்ல? இதைப் போட்டுட்டுப் போ."

கோட்டை விடவும் அந்த 'போ'தான் அவளைத் திரும்பிப் பார்க்க வைத்தது. கேலி முழுவதும் கழன்று விழுந்தால்தான் அவர் ஒருமைக்கு வருவார்.

"ஊர் உலகத்துக்கெல்லாம் தச்சுக் குடுப்பீங்க, பொண்டாட்டி கோட்டுன்னா கை வலிக்குதா?"

அவள் கோட்டைக் கழற்றாமலே சாலையைக் கடந்து, வேனின் கதவை அறைந்து சாத்திக்கொண்டு போனாள்.

அதன் பிறகு வீட்டில் பேச்சுவார்த்தை நின்றது. இருவரும் சத்தம் போட்டுச் சண்டை பிடிப்பவர்கள் அல்ல. ஒரே அறையில் உட்கார்ந்து ஆளுக்கொரு மௌனத்தை வைத்துக்கொள்வார்கள். பக்கத்துத் தெருவில் இருக்கும் அவளுடைய தம்பி, சாமான் ஏற்றும் வண்டி ஓட்டுபவன், சாப்பிட வந்து மாட்டிக்கொண்டான்.

"தம்பி, உங்க மாமாகிட்ட சொல்லு, கோட்டைத் தைக்க வேற கடை எனக்குத் தெரியும்னு."

"மாமா, அக்கா சொல்றாங்க..."

"காதுல விழுந்துச்சு. தாராளமாக் குடுக்கச் சொல்லு மச்சான். ஆனா வெள்ளிக்கிழமை குடுக்கச் சொல்லு. வியாழன் தாண்டட்டும்."

"அக்கா, மாமா என்ன சொல்றாருன்னா..."

"நான் என்ன செவிடா?"

தம்பி தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்தான். "நான் வாசல்ல நின்னு சாப்பிடறேன். ரெண்டு பேரும் நேரா பேசிக்கிட்டீங்கன்னா எனக்கு ஒரு வாயாவது உள்ள இறங்கும்."

வியாழக்கிழமை காலை அவள் அறையிலிருந்து வெளியே வந்தபோது நீலச் சட்டை போட்டிருந்தாள். அவர் தைத்ததில் மிக நன்றாக அமைந்தது அது. அதில் அவளைப் பார்த்தால் நோயாளி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வாசற்படியில் உட்கார்ந்து காலணியை மாட்டக் குனிந்தவள், பாதிவழியில் நின்றுவிட்டாள். மூச்சு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. சத்தம் வரவில்லை. கண்ணை மட்டும் மூடிக்கொண்டாள்.

அவர் கீழே உட்கார்ந்து அவளுடைய காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். காலணியை மாட்டி, வாரை இழுத்து, ஓட்டையைத் தேடினார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"இத்தனை வருஷமா நான் உன் முதுகைத் துணியால மூடிட்டே வந்திருக்கேன். எனக்கே தெரியாம. நீ டாக்டர் முன்னாடி போய் உக்காரும்போது அவங்க பாக்குறது என் சட்டையைத்தான். உன்னை இல்ல."

தெருவில் யாரோ தண்ணீர்க் குழாயைத் திறந்தார்கள், வாளி நிரம்பும் சத்தம் மெல்ல மெல்ல மேலே ஏறியது, பிறகு நின்றது. மற்ற காலணியையும் அவர் மாட்டி முடித்தார்.

"வேனை எடுத்துட்டாங்கன்னா?"

"எடுத்துட்டாங்கன்னா நானும் உன்கூட சேர்ந்து அழறேன்."

"உங்களுக்கு அழத் தெரியுமா?"

"கத்துக்கறேன்."

அவள் வாசற்கதவைப் பிடித்து மெல்ல எழுந்தாள். பிறகு, "கோட்டு கதவுக்குப் பின்னாடி தொங்குது, எடுத்துட்டு வாங்க" என்றாள்.

டாக்டர் அவர்களைப் பல வருடங்களாகப் பார்ப்பவர். வழக்கம்போல முதலில் அவளுடைய கைகளை வாங்கி, ஒவ்வொரு விரல் கணுவாக அழுத்திப் பார்த்தார். முழங்கால்களைப் பார்த்தார். ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்தார்.

"வீக்கம் பரவாயில்லை. மாத்திரை ஒழுங்கா போடறீங்களா?"

"அது இல்லாம எந்திரிக்கவே முடியாதே டாக்டர்."

டாக்டர் எழுதப்போனவர், நிமிர்ந்து கோட்டைப் பார்த்தார். "இது என்ன, புதுசா? உங்க அளவு இல்லையே. சாரோட கையில தச்ச சட்டையிலதான் எப்பவும் வருவீங்க."

"அளவெல்லாம் சரிதானாம். ஆள்தான் மாறிட்டேனாம். நம்ம மாஸ்டர் சொல்றார்."

டாக்டர் பேனாவை மூடினார். எழுந்து வந்து அவளைச் சுவரோடு சாய்ந்து நிற்கச் சொன்னார். குதிகால் சுவரில் பட்டது. தலை படவில்லை. எவ்வளவு முயன்றும் பின்னந்தலைக்கும் சுவருக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது.

"முன்னாடி எவ்வளவு உயரம் இருந்தீங்க?"

அவளுக்குத் தெரியவில்லை. மூலையில் நின்றிருந்த மாஸ்டர் சொன்னார்: "கல்யாணத்தப்போ பக்கத்துல நின்னா இவ தலை என் காதுக்கு மேல வரும். போட்டோ எடுத்தவர் என்னைத்தான் செங்கல் மேல ஏத்தி நிக்க வச்சார்."

"இப்ப?"

அவர் போய் அவளுக்குப் பக்கத்தில் நின்றார். அவளுடைய தலை அவருடைய தோளுக்குச் சற்று மேலே வந்தது. இருவரும் எதிரே பார்த்துக்கொண்டு, படம் எடுக்கக் காத்திருப்பவர்களைப் போல நின்றார்கள். டாக்டர் அவளுடைய முதுகெலும்பில் விரலை வைத்து ஒவ்வொரு கணுவாக இறங்கி வந்தார். நடுவில் ஓரிடத்தில் லேசாகத் தட்டியதும் அவள் "அம்மா" என்றாள். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிற பெண் அப்படிக் கூப்பிட்டு மாஸ்டர் கேட்டதே இல்லை.

வேகத்தடையில் பாய்ந்த வலியைப் பற்றி அப்போதுதான் அவள் வாய்திறந்து சொன்னாள். எக்ஸ்ரே படம் வந்தது. டாக்டர் அதை விளக்குப் பலகையில் மாட்டினார். வரிசையாக அடுக்கிய கட்டைகளில் ஒன்று முன்பக்கம் நசுங்கி ஆப்புபோல இருந்தது. அதற்கு மேலே இன்னொன்றும் அப்படியே, சற்றுக் குறைவாக.

"மேல இருக்கிறது பழசு. எப்ப ஆச்சுன்னே தெரியாது. கீழ இருக்கிறது புதுசு. மழை நேரத்துல வந்த வலின்னு சொன்னீங்களே, அநேகமா இதுதான்."

"நான் விழவே இல்லையே டாக்டர்."

"விழணும்னு இல்ல. உங்க எலும்புக்கு வேகத்தடையே போதும். மூட்டைத் தாக்குற இந்த நோயே எலும்பையும் உள்ளேர்ந்து அரிக்கும். அதை அடக்க நாம குடுக்கிற ஸ்டீராய்டு மாத்திரையும் எலும்பை மெலிசாக்கும். ரெண்டு பக்கமும் அடி. ஏற்கெனவே வலியோட இருக்கிறவங்க புது வலியைத் தனியாப் பிரிச்சு சொல்றதில்ல." சற்று நிறுத்தினார். "நானும் எப்பவும் உங்க கையையே பார்த்துட்டு இருந்துட்டேன். எலும்போட பலத்தை முன்னாடியே சோதிச்சிருக்கணும்."

பிறகு செய்ய வேண்டியதைச் சொன்னார். எலும்புக்கு ஊசி. மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது, டாக்டரே மெல்ல மெல்லக் குறைப்பார். சில வாரம் முதுகுக்குப் பட்டை. குனிந்து எதையும் தூக்கக் கூடாது. வலி அடங்கிய பிறகு தசைகளுக்குப் பயிற்சி. ஒரு எலும்பு உடைந்தவருக்கு அடுத்தது உடைய வாய்ப்பு அதிகம். அது இடுப்பாக இருந்தால் எழுந்து நடமாடுவதே கஷ்டம். இப்போது பிடித்ததால் தடுக்க வழி இருக்கிறது.

அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"வேன்?"

"இப்போதைக்கு வேண்டாம்."

"அப்புறம்?"

"அடுத்த படம் எடுத்துப் பார்த்துட்டு சொல்றேன். முடியாதுன்னு சொல்லல. முடியும்னும் இப்ப சொல்ல மாட்டேன்."

திரும்பும்போது வாடகைக் காரில் இருவரும் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். அவள் தன் பக்கத்துக் கண்ணாடி வழியாக வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். சாலையில் ஒரு பள்ளி வேன் முந்திக்கொண்டு போயிற்று. அது கண்ணை விட்டு மறையும்வரை பார்த்தாள்.

"தச்சுக் குடுத்திருந்தீங்கன்னா இன்னிக்கு சாயந்திரம் நான்தான் ஓட்டியிருப்பேன்."

"ஆமா."

"அந்த ஆமாவை வேற எங்கயாவது போய்ச் சொல்லுங்க."

அவர் வேறெங்கும் போகவில்லை. காரில் போவதற்கு இடமும் இல்லை. கொஞ்ச தூரம் போன பிறகு கார் ஒரு திருப்பத்தில் சாய்ந்தது. அவளுடைய கை தானாக வந்து அவருடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டது. கார் நேரான பிறகும் விரல்கள் அங்கேயே இருந்தன. அந்த விரல்களுக்கு எதையும் இறுக்கிப் பிடிக்க வராது. அதனால் அவர் கையை அசைக்காமல் வைத்துக்கொண்டார். வீடு வருவதற்குள் அது மரத்துப்போயிருந்தது.

பிற்பகல் பிள்ளைகளைக் கூட்டி வரத் தம்பி வந்தான். இந்தப் பருவம் முடியும்வரை அவன்தான் ஓட்டப்போகிறான் என்று அவளே பெற்றோர் ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட்டுச் சொல்லிவிட்டாள். குரல் ஒரே ஒரு இடத்தில்தான் இடறியது. சாவியை அவன் கையில் கொடுக்காமல் தானே வேன்வரைக்கும் நடந்து போய்க் கதவைத் திறந்துவிட்டாள்.

அவன் ஏறி உட்கார்ந்தான். தலை 'டங்'கென்று கூரையில் இடித்தது.

"அக்கா! இது சீட்டா, சிம்மாசனமா? எனக்குக் கழுத்தை மடக்கி வச்சுக்கணும் போலிருக்கே!"

"உன் கழுத்து ஒட்டகக் கழுத்துடா."

"போன வருஷம் இதே வண்டியை ஓட்டினேனே, அப்ப இடிக்கலையே?"

அவள் வேனின் பக்கக் கண்ணாடியைப் புறங்கையால் துடைத்தாள். மாஸ்டர் அவள் முகத்தைப் பார்த்தார். மச்சானைக் கீழே இறங்கச் சொல்லிவிட்டு இருக்கையின் உறையைத் தடவினார். அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. அந்த இருக்கையில் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. உறையின் ஓரத்தைப் பிரித்ததும் உள்ளே மடித்து வைத்த படுக்கை விரிப்பு ஒன்று தெரிந்தது. நழுவாமல் இருக்க நான்கு மூலையிலும் இருக்கையோடு சேர்த்துத் தைத்திருந்தது.

அந்தத் தையலை அவர் வெகுநேரம் பார்த்தார். நீளமும் குட்டையுமாகக் கோணல்மாணலாகப் போன தையல். சில இடங்களில் ஊசி தவறிப் பக்கத்தில் குத்தியிருந்தது. அவரைக் கல்யாணம் செய்துகொண்ட நாளிலிருந்து ஒரு பொத்தான்கூடத் தைக்காதவள். ஊசியைப் பிடிக்க முடியாத விரல்களை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் இதில் உட்கார்ந்திருப்பாள்!

"இது எப்போ?"

"ரோடு சரியாத் தெரியல. வண்டியோட முன்பக்கம் மறைச்சுது." அவள் இன்னும் கண்ணாடியையே துடைத்துக்கொண்டிருந்தாள். "சீட்டுதான் அமுங்கிப்போச்சுன்னு நெனச்சேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"கேட்டிருந்தா, யாருக்கும் தெரியாத மாதிரி நீங்க ரொம்ப நல்லாத் தச்சுக் குடுத்திருப்பீங்க."

அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாரா என்று தம்பி பயந்துபோய்ப் பார்த்தான். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். அவளும் சிரிக்கப்போனாள், முதுகு பிடித்துக்கொண்டது. "ஐயோ, சிரிக்க வைக்காதீங்க, கட்டை நகருது" என்று வேன் கதவைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர, மூச்சை அடக்கிச் சிரித்தாள்.

"மணி ஆகுதுக்கா" என்றான் தம்பி.

மாஸ்டர் சட்டைப்பையிலிருந்து சின்னக் கத்தரியை எடுத்துத் தையலை ஒவ்வொன்றாக வெட்டினார். விரிப்பை உருவி வெளியே எடுத்தார். அதன் கீழே இன்னொன்று.

"இது என் இஸ்திரி மேசைக் கம்பளி! கடை முழுக்கத் தேடினேனே!"

"அதான் நல்லா கனமா இருந்துச்சு. அதுக்கும் அடியில இன்னொண்ணு இருக்கு. அதையும் எடுத்துடுங்க, அவனுக்கு உசரம் சரியா வரும்."

அவர் எல்லாவற்றையும் எடுத்து, மடித்து, ஒன்றன் மேல் ஒன்றாக வைத்தார். அவள், முன்பக்கம் தாழ்ந்த அந்தக் கோட்டோடு தெருவில் நின்று, இரண்டு கைகளையும் நீட்டினாள்.

கொடுக்கலாமா கூடாதா என்று அவர் ஒரு கணம் தயங்கினார். கம்பளியை மட்டும் தன் தோளில் போட்டுக்கொண்டு, லேசான விரிப்புகளை அவளிடம் கொடுத்தார்.